சிவப்புப் பென்சிலுக்குத் தப்பிய பாட்டு

பாட்டெழுதிக்கொண்டு யாராவது வந்து, "வாசித்துப் பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள்" என்று கேட்டால், கண் சரியில்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசியில் நூல்கூடக் கோர்ப்பேன். ஆனால் பாட்டு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நான் விட்டு வெகுகாலமாகிறது. இருபத்துநாலு வயதில் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் தீர்ப்புச் சொல்லித் திரிந்தவன் நான். அப்படிச் சொன்ன ஒரு தீர்ப்பால் ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுபோனது. எழுதினால் மனப்பாரம் குறையும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, வாவிக்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். நான் மட்டக்களப்புப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. யாப்பும் அணியும் படித்துத் தேறியவன் என்ற மிதப்பு மட்டும் நிறைய இருந்தது. அது நடையில் தெரியும், குடை பிடிக்கிற விதத்தில் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தத்தான் அது. நான் அதோடு நிறுத்தவில்லை. கோயில் சுவரில் எழுதியிருந்த ஊஞ்சற் பாட்டில்கூட ஓசை உடைந்த இடத்தில் அந்தப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். ஊரார் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. படித்த பிள்ளை என்றார்கள். அடித்துத் துரத்தியிருந்தால் பின்னால் வந்தது வந்திராது.

கோயில் நிர்வாகத்தைப் பார்த்துவந்த வண்ணக்கர்தான் என் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். தோணித்துறைக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், தினமும் மத்தியானம் அடுக்குச்சட்டியில் சோறும் கறியும் கொண்டுவருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பள்ளிக்கூட வாசலில் பூவரச மரத்தின் கீழ் குந்தியிருப்பாள். பிறகு சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். நான் அவளை அக்கா என்பேன். கணவன் ஆற்றுக்கு அப்பால், படுவான்கரையில், உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டையில் வேளாண்மை செய்வதாகச் சொல்லுவாள். வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். இக்கரையான எழுவான்கரை ஆண்கள் பலர் அப்படி அக்கரைக்குப் போய்ப் போகம் முடியும்வரை வயலில் தங்குவது வழக்கம், எனக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை.

"நேத்துப் பொழுதுபட வந்திட்டு வெள்ளெனப் போயிட்டார், வாத்தியார். உங்களோட ஒருநாளைக்கு இருந்து கதைக்கோணும் எண்டு சொன்னவர்."

இப்படி ஏதாவது கிழமைக்கு ஒருதரம் சொல்வாள். நானும் "வரச்சொல்லுங்க அக்கா" என்பேன். ஒரு வருஷமாக அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதில்லை. காணவில்லையே என்று யோசித்ததும் இல்லை. கறி ருசியாக இருந்தது.

அவளுக்கு ஒரே மகள். பதினெட்டு வயது. அந்த வருஷம் பங்குனியில் ஒரு நாள் அக்கா வழக்கத்துக்கு மாறாக முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். பனிச்சங்கேணியில் ஒரு நல்ல இடம் பொருந்தி வருகிறதாம். மாப்பிள்ளையின் தமக்கையும் தாய்மாமனும் வைகாசியில் கோயில் சடங்கு பார்க்க வருகிற சாட்டில் பெண்ணையும் பார்க்கப்போகிறார்களாம். காத்தான்குடித் துணி வியாபாரியிடம் கூறைச்சேலைக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

"அவரும் அந்த நேரம் வந்திருவார்" என்றாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. ஊரில் அம்மையும் போட்டிருந்தது. அதனால் வைகாசிச் சடங்கோடு கொம்பு முறிப்பும் வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் முழுக்க வடசேரி, தென்சேரி என்று இரண்டு பக்கம். பக்கம் தகப்பன் வழியில் வரும். அதனால் ஒரே வீட்டில் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம் நிற்பதுண்டு. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, வடம் கட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்ற பக்கம் ஊர்வலமாகப் போய்த் தோற்ற பக்கத்தை வசைபாடும். அந்த வசையைக் கேட்டு அம்மன் மனங்குளிர்ந்து மழையைத் தருவாள். தென்சேரி அம்மன் பக்கம், வடசேரி அவள் புருஷன் பக்கம் என்பார்கள்.

வண்ணக்கர் என்னைத் தேடி வந்தார்.

"வாத்தியார், வெளியூர் ஆக்களும் வருவாங்க. முந்தியெல்லாம் பாடின பாட்டைக் கேட்டா நாக்குக் கூசும். நீங்க ஒருக்காக் கேட்டு, ஆகாததை வெட்டி விடுங்க."

எனக்குத் தலை கால் புரியவில்லை. ஊரே என்னிடம் பாட்டுக்குத் தீர்ப்புக் கேட்கிறது! புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டேன்.

வடசேரியார் கொண்டுவந்தவை பழைய பாட்டுகள்தான். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. தென்சேரிக்குப் புதிதாகப் பாட்டுக் கட்டியவர் தோணிக்காரர். ஐம்பது வயது. எழுதப் படிக்கத் தெரியாது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் காலையும் மாலையும் ஆட்களை ஏற்றித் தோணி தாங்குவதுதான் அவர் பிழைப்பு. கம்பை ஊன்றித் தள்ளுகிற தாளத்திலேயே பாட்டு வந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். மூன்று பின்னேரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் பாடப் பாட நான் கொப்பியில் எழுதினேன். எழுதி முடித்ததும் பிள்ளைகளுக்குப் போடுவதுபோலப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வடசேரி மாப்பிளைக்கு வாயெல்லாம் வீரமாம்
வடத்தைப் பிடியெண்டா வயித்துக் குத்தாம்

இது எழுதக்கூடியது என்பதால் எழுதுகிறேன். இதற்கு மூன்று புள்ளி. மற்றவை இதைவிட நூறு மடங்கு மோசம். வடசேரிப் பெண்களின் இடுப்பு, ஆண்களின் கோவணம், மாமியாரின் படுக்கை என்று ஒன்றையும் விடவில்லை மனுஷன். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டினேன். பதினான்கில் பத்துப் போயின. அவருக்குக் கோபமே வரவில்லை. வெற்றிலையைக் குதப்பியபடி சிரித்தார்.

"வெட்டுங்க, வெட்டுங்க. ஆனா ஒண்டு, வாத்தியார். அது ஆரையும் தொடாத பாட்டு. எல்லாருக்கும் பொது."

இதைப் படிப்பில்லாத மனிதரின் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் கேட்டவற்றில் மிகவும் முக்கியமான வார்த்தை அதுதான். கொப்பியில் எழுதாமல் விட்டதும் அதைத்தான்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து எழுந்தவர், வாசல்வரை போய்விட்டுக் கிறுகி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னொண்டு கிடக்கு, வாத்தியார். அது வசை இல்ல. சும்மா ஆத்தில வரக்குள்ள வந்தது. அது பாட்டா, இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க."

மற்றப் பாட்டுகளை எல்லாம் தொண்டை கிழியப் பாடியவர் இதை மெல்லப் பாடினார்.

ஆத்துக்கு அப்பால வெள்ளாமை வெட்டியாச்சு
பாத்திருந்த தோணியெல்லாம் பாயிறக்கிக் கட்டியாச்சு
காத்துக்கு அணையாமக் கைபொத்தி ஏத்திவச்ச
பூத்த விளக்கொண்டு போனவழி பாக்குதடி

நான் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நாலு வரியில் ஒரு கெட்ட சொல் இல்லை, ஒரு வெற்றுச் சொல் இல்லை. எதுகையும் மோனையும் தேடிப் போட்டதுபோல் இல்லாமல் தாமாக வந்து விழுந்திருந்தன. அழுகிறாள் என்றோ காத்திருக்கிறாள் என்றோ ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பெண்ணையே காட்டவில்லை. விளக்கை மட்டும் காட்டியிருந்தார். கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த எந்தப் பாட்டும் என்னை அப்படி உலுக்கியதில்லை. திரும்பப் பாடச் சொன்னேன். பாடினார்.

"அண்ணன், இதுதான் கவி" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவரைப் பாராட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கு உற்சாகம் பொங்கியது.

"ஊர்வலத்தில கடைசிப் பாட்டு இதுதான்."

"வேணாம், வாத்தியார்."

"ஏன்?"

"வேணாம். அது சபையில பாடுற பாட்டில்ல."

அடக்கம் என்று நினைத்தேன். நல்ல பாட்டை ஒளித்து வைப்பது அநியாயம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மறுபடி வேண்டாம் என்றார். பத்தை வெட்டிவிட்டேன், மிச்சம் நாலுதான், பாதி வழியில் பாட்டில்லாமல் ஊர்வலம் நின்றுபோகும் என்று கணக்கும் காட்டினேன். மூன்றாம் தடவையும் தலையை ஆட்டி மறுத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. கடைசியில் கேட்டார்:

"உண்மையா நல்லாயிருக்கா?"

"பட்டினத்தில படிச்ச ஆக்களுக்கும் இப்படி வராது."

அவர் எழுந்து துறைக்குப் போய்த் தோணியை அவிழ்த்தார். மறுநாள் நான் நாலு வரியையும் அழகாக எழுதி, வண்ணக்கரிடம் கொடுக்கிற பட்டியலில் கடைசியாகச் சேர்த்தேன். வண்ணக்கருக்கு வாசிப்பு அவ்வளவு ஓடாது; சும்மா விரித்துப் பார்த்தார். தூஷணம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பார். என் படிப்பின்மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

சடங்கு நாள் வந்தது. பனிச்சங்கேணியார் முதல் நாளே வந்துவிட்டார்கள். அக்கா சோறு கொண்டுவந்தபோது கழுத்தில் பழைய அட்டியல் போட்டிருந்தாள். பெண்ணை அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். சடங்கு முடிந்ததும் நாள் குறிப்பதாம்.

"அவருக்கு இப்ப வயலுக்குத் தண்ணி பாயிற முறையாம். விட்டிட்டு வர ஏலாது. வண்ணக்கர்தான் அவங்களுக்கு எடுத்துச் சொன்னவர்."

பின்னேரம் நாலு மணியளவில் வடசேரிக் கொம்பு படாரென்று முறிந்தது. தென்சேரியார் போட்ட கூச்சல் படுவான்கரைக்கே கேட்டிருக்கும். ஊர்வலம் புறப்பட்டது. தோணிக்காரர் முன்னால் நின்று ஒரு வரி பாட, பின்னால் வரும் சனம் அதைத் திருப்பிப் பாடும். அதுதான் முறை. நான் வெட்டாமல் விட்ட நாலு பாட்டும், நான் வெட்டியவற்றில் ஐந்தாறும் வழியெல்லாம் பாடப்பட்டன. வசை கேட்ட வடசேரியார்தான் அதிகம் சிரித்தார்கள். வடசேரிக் கிழவி ஒருத்தி, தன் பக்கத்து ஆண்களின் கோவணத்தைப் பற்றிய பாட்டுக்குத் தெருவில் இறங்கி ஆடினாள். விருந்தாளிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் குடையைப் பிடித்தபடி விறைத்து நின்றேன். இந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு கவி வரப்போகிறது, கேளுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தோணித்துறைத் தெரு முனையில் ஊர்வலம் நின்றது. பட்டியலில் கடைசிப் பாட்டு. தோணிக்காரர் பாடவில்லை. திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்து என்னையே பார்த்தார். பாடட்டுமா என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் தலையசைத்தேன்.

முதல் வரியைச் சனம் முழுக்கப் பலமாகத் திருப்பிப் பாடியது. இரண்டாம் வரியில் பாதிச் சத்தம் குறைந்தது. மூன்றாம் வரியைப் பின்வரிசையில் நின்ற இளந்தாரிகள் சிலர் மட்டும் பாடினார்கள். நாலாம் வரியை அவர் தனியே பாடி முடித்தார். ஒரு சத்தமில்லை. மத்தளக்காரர் கையை மடக்கிக்கொண்டு நின்றார்.

கவிக்கு ஊர் தலைவணங்கி நிற்கிறது என்று நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. சனத்தின் முகங்கள் எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பியிருந்ததையும், அந்தத் திசையில் யார் வீடு இருக்கிறது என்பதையும், வீட்டு வாசற்படலையில் நின்ற விருந்தாளிகள் சிரிப்பை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் அந்தக் கலங்கிய கண்ணால்தான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலச் சோறு வந்தது.

"விருந்தாளிகள் எங்க, அக்கா?"

"வெள்ளெனப் போயிட்டாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"கடைசிப் பாட்டைக் கேட்டீங்களா? எப்படி இருந்தது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வேண்டுமென்றே கேட்கிறேனா, விளங்காமல் கேட்கிறேனா என்று அளந்த பார்வை அது. விளங்காமல்தான் என்று முடிவு செய்திருக்கவேண்டும்.

"கேட்டன், வாத்தியார். நல்ல பாட்டு" என்றாள்.

அன்றைக்கு மூடியை மறந்து விட்டுவிட்டுச் சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் தோணிக்காரர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அக்காவின் புருஷன் உன்னிச்சையில் வேறொருத்தியோடு குடியிருக்கிறான். மூன்று வருஷமாக ஒருநாளும் இக்கரைக்கு வரவில்லை. அவனைக் கடைசியாக ஏற்றிப் போனதே இவர்தான். அக்காவோ புருஷன் வந்துபோவதாகச் சொல்லிக்கொண்டு, பொழுதுபடப் படலையில் ஒரு விளக்கை ஏற்றி வைப்பாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். வடசேரி, தென்சேரி இரண்டுக்கும் தெரியும். ஒருவரும் அவள் முகத்துக்கு முன்னால் ஒன்றும் சொன்னதில்லை. "எப்ப வாறாராம்?" என்று கேட்பார்கள். "போகம் முடிய" என்பாள். "ஓம் ஓம்" என்று போய்விடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் வண்ணக்கரே அம்மன் பந்தலில் நின்று பொய் சொன்னார். வாயில் வரக்கூடாததையெல்லாம் பாடுகிற ஊர் இந்த ஒன்றை மட்டும் மூன்று வருஷம் பொத்திக் காத்தது.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும்?

"எப்பிடிச் சொல்ற, வாத்தியார்? நீங்க வெளியூர் ஆள். உங்களுக்குச் சோறு தாறவட விசயம். வேணாம் எண்டு மூண்டுதரம் சொன்னன்தானே?" பிறகு அவர் குரல் உடைந்தது. "நீங்க கவி எண்டீங்க. அந்தச் சொல்லுல மயங்கிட்டன். நானும் மனிசன்தானே."

அவரை நான் என்ன சொல்ல? அன்றைக்குப் பிறகு அவர் பாட்டுக் கட்டவில்லை. தோணியில் போகும்போதுகூட வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு ஊரின் நல்ல கவி என் பாராட்டால் ஊமையாகிப் போனார்.

அடுத்த நாள் அக்கா வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். சோற்றை வைத்தாள். நான் கையை வைக்கவில்லை. பாட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் பூவரசின் கீழ் குந்தியபடி, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகப் பேசினாள்.

"தோணிக்காரர் நல்ல மனிசன். நான் அந்த ஆளை நினைச்சு அழுதுகொண்டு கிடக்கிறன் எண்டு நினைச்சிட்டார். எனக்கு அழ எங்க நேரம், வாத்தியார்? அவர் போன அந்த மாசமே தெரியும், இனி வரமாட்டார் எண்டு. அங்க ஒரு புள்ளையும் பிறந்திட்டு."

"அப்ப விளக்கு?"

"அது அவருக்கு இல்ல. ஆம்பிளை வந்துபோற ஊடு எண்டு தெரியட்டும் எண்டுதான். மகள்ட கழுத்தில ஒரு தாலி ஏறுமட்டும் வைப்பம் எண்டு வச்சன். ஏறினா அண்டைக்கே தூக்கி எறிஞ்சிருப்பன்."

அவளே தொடர்ந்தாள்.

"விளக்குத் தனக்காக எண்டு இவளுக்குத் தெரியாது. வராத ஆளுக்கு ஏன் எண்ணெயை ஊத்துறாய் எண்டு ஒவ்வொரு நாளும் என்னோட சண்டை. நீங்கதான் பாட்டை எடுத்ததெண்டும் அவளுக்குத் தெரியாது. நான் சொல்லமாட்டன். உங்களுக்குச் சோறு ஆக்கிறது அவள்தான். திண்ணுங்க."

சாப்பிட்டேன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

நான் கண்ட கவி முழுக்கப் பொய். ஏமாந்து நிற்கும் பெண் ஒருத்தியைத் தோணிக்காரர் ஆற்றில் நின்று கற்பனை செய்தார். நான் கரையில் நின்று அதற்கு உருகினேன். உண்மையில் அங்கே இருந்தது, கணவனை எப்போதோ கைகழுவிவிட்டு, மகளுக்காகத் தனியாக ஒரு ஊரையே ஏமாற்றத் துணிந்த கெட்டிக்காரி. ஊர் ஏமாறவில்லை, ஆனால் கூட நின்றது. அது எனக்கும் தெரியவில்லை, கவிக்கும் தெரியவில்லை. கோவணப் பாட்டுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அது ஒருவரையும் தொடாமல் போனது.

பனிச்சங்கேணியிலிருந்து, பையனுக்கு இப்போது அவசரமில்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அத்துடன் தீர்ந்திருந்தால்கூட வேறு இடம் பார்த்திருக்கலாம். தீரவில்லை. பாட்டு நல்ல பாட்டு. அதுதான் வினை. மற்ற வசையெல்லாம் மூன்றாம் நாள் மறந்துபோயின. இந்த நாலு வரி மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. வயல் வேலை செய்கிறவர்கள் பாடினார்கள், பாய் இழைக்கிற பெண்கள் பாடினார்கள். அடுத்தடுத்து இரண்டு இடம் பேசி வந்தது. "அந்த விளக்கு ஊடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதனால் யாருக்கு என்ன?

இடமாற்றம் வந்தபோது ஓடினேன் என்றே சொல்லவேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் குருக்கள்மடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூப்பன் அரிசிக்குக் கடை வாசலில் வரிசையில் நிற்கிற காலம். ஒருநாள் காலை, என் பின்னால் நின்ற பெண் "வாத்தியார்" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. தோளில் பாய்க்கட்டு. கழுத்தில் ஒன்றுமில்லை.

"உங்களுக்குச் சோறு தந்தவட மகள்" என்றாள்.

தாயின் தங்கையான சித்தாத்தை வீட்டில் இருந்துகொண்டு பாய் இழைத்து விற்கிறாளாம். தாய் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாளாம். கலியாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வரிசை நகர்ந்தது. அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"தோணிக்காரர் கட்டின பாட்டொண்டு இருந்ததே, வாத்தியார், அம்மாவப் பத்தி. அது உங்களுக்கு ஞாபகமா? ஒருக்கா எழுதித் தருவீங்களா? இஞ்ச பாடுறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிப் பாடுறாங்க."

"உனக்கென்னத்துக்கு அது?" என்றேன்.

"அம்மாட எண்டு வேற ஒண்டுமில்லையே. நான் அவவோட எத்தனை நாள் சண்டை பிடிச்சிருப்பன். வராத ஆளுக்கு விளக்கு வைக்கிற விசரி எண்டெல்லாம் ஏசியிருக்கன். அந்தப் பாட்டைக் கேட்டாத்தான் விளங்குது, அப்பாவை அவ எவ்வளவு நினைச்சிருக்கா எண்டு."

கூப்பன் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தேன். கடைப் பலகையில் வைத்து, நாலு வரியையும் தெளிவாக எழுதினேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. அவள் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தாள். வாசித்துவிட்டு, என் கையெழுத்து வடிவாக இருக்கிறது என்றாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுடைய தாய் அந்த விளக்கை ஏற்றியது அவளுக்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அன்றைக்கு ஊர்வலத்தில் தலையசைத்தது யார் என்பதையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.